கே-பாப் தகவல் தொகுக்கப் போகிறீர்களா? முதலில் இந்த மூன்று எண்களைப் பாருங்கள்

கொரியப் பாப் இசைக் குழுவான பிடிஎஸ்ஸின் 'மேப் ஆஃப் தி சோல்: 7' ஆல்பம் எத்தனை பிரதி விற்றது என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 33.7 லட்சம் என்று இருக்கும். இன்னோரிடத்தில் 41 லட்சம். வேறோரிடத்தில் 48 லட்சம். எல்லாமே 2020ஆம் ஆண்டுக் கணக்கு, எதுவும் தப்பில்லை.

33.7 லட்சம் என்பது ஹான்டியோ சார்ட் என்ற கொரிய விற்பனைப் பட்டியல் எண்ணியது: வெளியான நாளிலிருந்து ஏழு நாள், கடைகளில் ஆன விற்பனை. 41 லட்சம் என்பது அன்றைக்குக் கவோன் சார்ட் என்று அழைக்கப்பட்ட பட்டியல் (இன்று சர்க்கிள் சார்ட்) பிப்ரவரி மாதத்துக்குக் கொடுத்தது. ஆல்பம் வந்தது பிப்ரவரி 21. அது லீப் ஆண்டு. ஆக ஒன்பது நாள் கணக்கு. அதுவும் கடைக்கு அனுப்பிய பிரதிகளின் கணக்கு, வாங்கியவர் கையில் போய்ச் சேர்ந்தவை அல்ல. 48 லட்சம் என்பது ஐஎஃப்பிஐ என்ற சர்வதேச இசைத்துறைக் கூட்டமைப்பு உலகம் முழுவதற்கும், ஆண்டு முழுவதற்கும் சொன்னது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இந்த மூன்றில் பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு 'விற்பனை' என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எண்ணை மட்டும் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே அது என்ன எண் என்று தெரியாது. யார் எண்ணியது, எதை எண்ணியது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற மூன்றும் பக்கத்திலேயே இருந்தால்தான் அது தகவல். கீழே சொல்லும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

சின்னதாக ஆரம்பியுங்கள்

'எல்லாக் கே-பாப் குழுக்களும்' என்று உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் பெயர் வைக்காதீர்கள். ஒரே ஒரு குழு, அல்லது ஒரே ஒரு நிறுவனத்தின் ஒரு பத்தாண்டு. இருபது வரி போதும். இருபது வரியைச் சரிபார்த்து முடிக்கும்போது எங்கெல்லாம் ஓட்டை விழும் என்று கைக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு இருநூறு வரி பெரிய விஷயமில்லை.

கூடவே ஒரு வாரம் ஒதுக்கி ஹங்குல் எனும் கொரிய எழுத்துகளைப் படித்துவிடுங்கள். மொழி வேண்டாம், எழுத்து மட்டும். அடிப்படை எழுத்துகள் 24தான். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் கணக்கு சீக்கிரம் பிடிபடும். இதைச் செய்யாமல் தாண்டிப் போக முடியாது என்பதற்குக் காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

பெயர்தான் முதல் பள்ளம்

பிடிஎஸ்ஸின் ஜிமினுடைய முழுப்பெயர் பார்க் ஜிமின். இன்று ஜேமி என்ற பெயரில் பாடும் பாடகியின் கொரியப் பெயரும் பார்க் ஜிமின்தான். ஹங்குலில் எழுதினாலும் ஓர் எழுத்து மாறாது. ஸ்ட்ரே கிட்ஸ் குழுவின் லீ நோவுக்கு இயற்பெயர் லீ மின்ஹோ. நாடகங்களில் வரும் பிரபல நடிகரும் லீ மின்ஹோ. ஷைனி குழுவில் ஒரு மின்ஹோ இருக்கிறார், அவர் சோய் மின்ஹோ. பெயரை மட்டும் வைத்துத் தேடி எடுத்த விருதுப் பட்டியல் எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஒவ்வொருவருக்கும் உங்கள் சொந்த அடையாள எண் ஒன்று கொடுங்கள். அதற்குப் பக்கத்தில் ஹங்குல் பெயர், மேடைப் பெயர், பிறந்த தேதி. தமிழிலோ ரோமன் எழுத்திலோ எழுதிய பெயரை ஒருபோதும் அடையாளமாக வைக்காதீர்கள். 'லீ' என்று நாம் எழுதும் குடும்பப் பெயரைக் கொரியாவில் 'ஈ' என்றுதான் உச்சரிக்கிறார்கள். 'பார்க்' என்பதில் 'ர்' ஒலியே கிடையாது. தமிழ் எழுத்தில் வேறு ஒரு சிக்கல்: கொரிய மொழி தனித்தனியாகப் பார்க்கும் க வகை ஒலிகளையும் த வகை ஒலிகளையும் நாம் ஒரே எழுத்தில் அடக்கிவிடுகிறோம். படிப்பதற்குத் தமிழ்ப் பெயர் இருக்கட்டும், தேடுவதற்கு ஹங்குல்.

குழுக்களின் பெயரும் நிலையாக நிற்பதில்லை. பீஸ்ட் என்று 2009இல் அறிமுகமான குழு, பழைய நிறுவனத்தை விட்டு வந்ததும் 2017இல் ஹைலைட் ஆனது. நிறுவனங்களும் அப்படியே. 2005இல் தொடங்கிய பிக் ஹிட் எண்டர்டெயின்மெண்ட் 2021 மார்ச்சில் ஹைப் என்று பெயர் மாற்றிக்கொண்டது; பிடிஎஸ் இருக்கும் லேபிளுக்கு, அதாவது தாய் நிறுவனத்தின் கீழ் இசை வெளியிடும் பிரிவுக்குப் பிக்ஹிட் மியூசிக் என்று பெயர் வந்தது. செவன்டீன் குழு 2015இல் பிளெடிஸ் நிறுவனத்தில் அறிமுகமானது. அந்த பிளெடிஸை 2020இல் பிக் ஹிட் வாங்கியது. இப்போது 'செவன்டீன் எந்த நிறுவனம்?' என்றால் என்ன எழுதுவீர்கள்? லேபிள் ஒரு கட்டம், தாய் நிறுவனம் ஒரு கட்டம், இரண்டுக்கும் 'எப்போதிலிருந்து', 'எதுவரை' என்று இரண்டு தேதிக் கட்டம். சலிப்பாக இருக்கும். பின்னால் ஷீட்டையே பிரித்து மேய வேண்டியிருக்காது.

தேதி: எந்தத் தேதி?

பிடிஎஸ் அறிமுகமான நாள் 2013 ஜூன் 13 என்று ரசிகர்கள் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். முதல் ஆல்பம் வெளியானதோ ஜூன் 12. முதல் டிவி மேடைதான் 13. நியூஜீன்ஸ் குழுவின் முதல் வீடியோ 2022 ஜூலை 22இல் வந்தது, மினி ஆல்பம் ஆகஸ்ட் 1இல் வந்தது. 'அறிமுகத் தேதி' என்று ஒரே கட்டம் வைத்தால் யாரோ ஒருவர் சண்டைக்கு வருவார், அவர் பக்கமும் நியாயம் இருக்கும். நான் மூன்று கட்டம் வைத்திருக்கிறேன்: முதல் வெளியீடு, முதல் மேடை, நிறுவனம் சொல்லும் நாள். காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் நேர வித்தியாசம். கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் ரியல்டைம் சார்ட் எனும், அன்றன்றைக்கு உடனுக்குடன் மாறும் பாடல் பட்டியலின் விதிகள் மாறிய பிறகு பெரும்பாலான பாடல்கள் அங்கே மாலை 6 மணிக்கு வெளியாகின்றன. நமக்குப் பிற்பகல் 2.30. இதில் தேதி மாறாது, சிக்கலில்லை. அதற்கு முன் நள்ளிரவு வெளியீடுகள்தான் வழக்கம். அங்கே நள்ளிரவு 12 என்றால் இங்கே முந்தைய நாள் இரவு 8.30. பழைய பாடல்களின் தேதி ஒருநாள் முன்பின்னாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். கொரிய நேரம் என்று ஒரு முடிவு எடுத்துவிட்டு எல்லா வரியிலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பில்போர்டு எனும் அமெரிக்க இசைப் பட்டியலின் தேதி தனி ரகம். பிடிஎஸ்ஸின் 'டைனமைட்' பாடல் 2020 ஆகஸ்ட் 21இல் வந்தது. ஹாட் 100 பட்டியலில் முதலிடம் என்ற அறிவிப்பு ஆகஸ்ட் 31இல் வந்தது. ஆனால் அந்தப் பட்டியலின் மேல் போட்டிருக்கும் தேதி செப்டம்பர் 5. எண்ணியது ஆகஸ்ட் 21 முதல் 27 வரையான வாரம். ஒரே சாதனைக்கு நாலு தேதி! பட்டியலின் மேல் இருக்கும் தேதியையே எடுங்கள். மற்றவற்றைக் குறிப்பில் போடுங்கள்.

விருது விழாக்களில் இதே கதை ஆண்டு அளவில் நடக்கும். 34ஆவது கோல்டன் டிஸ்க் விழா 2020 ஜனவரியில் நடந்தது, விருதோ பெரும்பாலும் 2019இல் வந்த பாடல்களுக்கு. ஆண்டைவிட 'எத்தனையாவது விழா' என்ற எண்தான் நம்பகமான பிடி.

வயதை எழுதவே எழுதாதீர்கள். 2023 ஜூன் 28இல் சட்டம் மாறும் வரை கொரியாவில் பிறந்தவுடன் ஒரு வயது, ஜனவரி 1 வந்தால் இன்னொரு வயது என்று எண்ணும் வழக்கம் இருந்தது. பழைய செய்தியில் இருக்கும் வயதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கப் போனால் தவறும்.

மானும் ஒக்கும்

இது என் சொந்த அவமானம். கொரியச் செய்தி ஒன்றில் ஒரு பாடல் ஸ்ட்ரீமிங்கில் '1 ஒக்' தாண்டிப் பிளாட்டினம் சான்றிதழ் பெற்றது என்று இருந்தது. நாலு வார்த்தை தெரிந்த தைரியத்தில் 'ஒக் என்றால் கோடி' என்று நானே முடிவுகட்டி 1 கோடி என்று போட்டேன். பிளஸ் டூ படிக்கும் என் சித்தி மகள்தான் பிடித்தாள். "அண்ணா, நூறு மில்லியனுக்குத்தானே பிளாட்டினம் தருவாங்க, இது எப்படி ஒரு கோடியில வந்துச்சு?" என்று கேட்டாள். மொத்த ஷீட்டையும் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

கொரியர்கள் நாலு சுழியம் நாலு சுழியமாகப் பிரித்து எண்ணுவார்கள். 1 மான் என்பது பத்தாயிரம். 10 மான் என்றால் நம்முடைய 1 லட்சம். 100 மான் என்றால் 10 லட்சம், அதாவது ஒரு மில்லியன். 1 ஒக் என்றால் 10 கோடி. ஆல்பம் விற்பனைச் செய்திகள் மானில் வரும்; ஸ்ட்ரீமிங், யூடியூப் பார்வைகள் ஒக்கில் வரும்; நிறுவன வருமானம் பல நூறு ஒக் வொன்னில் (வொன் கொரிய நாணயம்) வரும். ஷீட்டில் லட்சம், கோடி எழுதாமல் முழு எண்ணாக, எல்லாச் சுழியமும் போட்டு எழுதுங்கள். வாசகர்களுக்குக் காட்டும்போது மட்டும் லட்சமாக்கிக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்புச் செயலிகளிடமும் ஜாக்கிரதை. 'உம்பன்' என்றால் கையில் பிடிக்கக்கூடிய இசைத்தட்டு, 'உம்வொன்' என்றால் டிஜிட்டலில் கேட்கும் பாடல். இரண்டிலும் முதலிடம் என்பது இரண்டு வேறு சாதனை. கோல்டன் டிஸ்க்கில் இரண்டுக்கும் தனித்தனி உயர் விருதே இருக்கிறது. செயலி சில நேரம் இரண்டையும் 'இசை' என்று ஒன்றாக்கிவிடும். முழு நீள ஆல்பத்தைக் குறிக்கும் 'ஜொங்க்யு' என்ற சொல் 'வழக்கமான' என்று வந்து நிற்கும். இப்படிப்பட்ட பதினைந்து இருபது சொல்லை ஹங்குலிலேயே அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கே தேடுவது

விற்பனைக்கும் பட்டியல் இடத்துக்கும் சர்க்கிள் சார்ட். 2010 பிப்ரவரியில் கவோன் என்ற பெயரில் கொரிய இசை உள்ளடக்கச் சங்கம் தொடங்கியது, 2022 ஜூலையில் பெயர் மாறியது. ஆல்பம் பட்டியலில் அனுப்பியதிலிருந்து திரும்பி வந்ததைக் கழித்துக் காட்டுகிறார்கள். வாரம் என்பது ஞாயிறு முதல் சனி வரை. 1993இல் தொடங்கிய ஹான்டியோ, தன்னோடு இணைந்த கடைகளின் விற்பனையை எண்ணுகிறது. அதன் வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை. ரசிகர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் 'சோதொங்', அதாவது முதல் ஏழு நாள் விற்பனை, ஹான்டியோ கணக்குதான். 2023 அக்டோபரில் செவன்டீன் 50 லட்சத்தைத் தாண்டியது என்று சொல்வது இதைத்தான். ஹான்டியோ எண்ணையும் சர்க்கிள் எண்ணையும் ஒரே கட்டத்தில் கலந்து வரிசைப்படுத்தியவரின் பட்டியலை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

இந்த இரண்டு எண்ணும் 'இத்தனை பேர் வாங்கினார்கள்' என்று சொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே ரசிகர் உள்ளே வரும் போட்டோ கார்டுக்காகவும், கையெழுத்து நிகழ்ச்சிக் குலுக்கலுக்காகவும் இருபது பிரதி வாங்குவது அங்கே சாதாரணம்.

2010க்கு முன்னால் போகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2008 வரை வேறொரு சங்கம் மாதாந்திர விற்பனைப் பட்டியல் வெளியிட்டு வந்தது. 1990களுக்குப் போனால் பெரும்பாலும் நிறுவனமே சொன்ன எண்கள்தான். 'வரலாற்றிலேயே முதல்முறை' என்று ஒரு செய்தி சொன்னால், வரலாறு 2010இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். பல நேரம் அங்கேதான் தொடங்கும். பழைய செய்திகளுக்கு நேவர் நியூஸ் லைப்ரரி என்ற பொக்கிஷம் இருக்கிறது. 1999 வரையான கொரிய நாளிதழ்களின் பக்கங்களை அச்சான வடிவிலேயே பார்க்கலாம்.

பாடலை எழுதியவர், இசையமைத்தவர் யார் என்பதற்குக் கொம்கா என்ற கொரிய இசைக் காப்புரிமைச் சங்கத்தின் தேடுபக்கம். ராயல்டி பிரிக்கும் இடம் என்பதால் அவர்களிடம் பெயர் சுத்தமாக இருக்கும். ஆல்பம் அட்டையில் இல்லாத பெயர் சில நேரம் அங்கே இருக்கும். அப்போது இரண்டையும் எழுதி எது எங்கிருந்து என்று குறியுங்கள்.

நிறுவனத் தகவலுக்கு டார்ட். கொரிய நிதி மேற்பார்வை அமைப்பு நடத்தும் பொது அறிக்கைத் தளம் இது. எஸ்எம், ஜேஒய்பி, ஒய்ஜி, ஹைப் நான்கும் பங்குச் சந்தையில் இருப்பதால் காலாண்டு அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் அது வரும். ஆண்டறிக்கை 90 நாளுக்குள், அதாவது மார்ச் கடைசிக்குள். ஆல்பத்தில் எவ்வளவு, கச்சேரியில் எவ்வளவு, யார் எத்தனை சதவீதப் பங்கு வைத்திருக்கிறார் எல்லாம் அதில் இருக்கிறது. ஆயிரம் 'நெருங்கிய வட்டாரங்கள்' செய்தியைவிட இந்த ஓர் அறிக்கை மேல். ஆச்சரியம் என்னவென்றால், ரசிகர்களில் இதைத் திறந்து பார்ப்பவர் மிகக் குறைவு.

வாராவாரம் ஒரு பாடலுக்கு முதலிடம் கொடுக்கும் டிவி நிகழ்ச்சிகளின் வெற்றிகளை எண்ணுவது தலைவலி பிடித்த வேலை. எம்நெட்டின் எம் கவுண்ட்டவுன் வியாழன், கேபிஎஸ்ஸின் மியூசிக் பேங்க் வெள்ளி, எம்பிசியின் மியூசிக் கோர் சனி, எஸ்பிஎஸ்ஸின் இன்கிகாயோ ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் முறை வேறு. இன்கிகாயோவில் மூன்று முறை ஜெயித்த பாடல் போட்டியிலிருந்து விலகிவிடும். மியூசிக் பேங்க் ஒளிபரப்பாகாத வாரத்திலும் முதலிடம் யாரென்று இணையத்தில் போட்டுவிடுவார்கள். அதைச் சேர்க்கிறீர்களா இல்லையா என்று ஷீட்டின் மேலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.

நாமு விக்கி என்ற கொரிய விக்கித் தளம்? தாராளமாகப் படியுங்கள். எங்கே தேட வேண்டும் என்று அதைப்போல வழிகாட்டும் இடம் வேறில்லை. ஆதாரமாக மட்டும் எழுதாதீர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

இரண்டு ஆதாரம் என்றால் இரண்டா?

ஒருமுறை ஓர் ஆல்பத்தின் வெளியீட்டு நாளை 16 என்பதற்குப் பதில் 18 என்று தட்டச்சு செய்துவிட்டேன். சில மாதம் கழித்து வேறொரு தளத்தில் அதே 18. இன்னும் சில வாரத்தில் ஒருவர் அந்தத் தளத்தைக் காட்டி, "18தான் சரி, இதோ ஆதாரம்" என்று என்னிடமே வாதாடினார். என் தப்பு ஊர் சுற்றி ஆதாரமாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஐந்து ஆங்கிலத் தளங்கள் ஒரே எண்ணைச் சொன்னால் ஐந்து ஆதாரம் என்று நினைக்காதீர்கள். அவற்றில் எதைப் பார்த்து எது எழுதியது என்று பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் ஒரே கொரியச் செய்தியில் போய் நிற்கும். அந்தச் செய்தியும் நிறுவனம் அனுப்பிய அறிக்கையின் நகலாக இருக்கும். அப்படியென்றால் ஆதாரம் ஒன்று, அதுவும் நிறுவனமே தன்னைப் பற்றிச் சொன்னது. அதனால் தப்பு என்றில்லை. 'நிறுவனம் சொன்னது' என்று குறித்துவிட்டு, சர்க்கிளிலோ டார்ட்டிலோ அதே விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டத்தில் மூன்று சொல்லில் ஒன்றைப் போடுவேன்: உறுதி, ஒற்றை, சந்தேகம். எண்ணியவரின் பக்கத்தையே நேரில் பார்த்திருந்தால் அல்லது ஒன்றையொன்று சாராத இரண்டு இடம் ஒத்துப்போனால் உறுதி. ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்றால் ஒற்றை. மற்றதெல்லாம் சந்தேகம். சந்தேகத்தை அழிக்க மாட்டேன், யாருக்கும் காட்டவும் மாட்டேன். பார்த்த தேதியையும் எழுதி, பக்கத்தை இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிடுவேன். ஒப்பந்தம் முடிந்த மறுநாளே நிறுவனத் தளத்திலிருந்து ஒரு பாடகரின் பக்கம் காணாமல் போவது இந்தத் துறையில் சகஜம்.

அதிகாரபூர்வமான எண்ணே பொய்யாக இருந்த கதையும் உண்டு. பார்வையாளர் வாக்கில் குழுவைத் தேர்ந்தெடுத்த, எம்நெட்டின் 'புரொடியூஸ்' போட்டி நிகழ்ச்சிகளில் வாக்குகள் மாற்றப்பட்டது 2019இல் வெளியே வந்தது. தயாரிப்பாளர்களுக்கு 2020இல் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அந்த நிகழ்ச்சியில் உருவான எக்ஸ்1 குழு 2020 ஜனவரியில் கலைந்தது. அப்போது ஒளிபரப்பான வாக்குகளை என்ன செய்வது? ஒளிபரப்பானது ஒளிபரப்பானதுதான், அந்த எண் இருக்கட்டும். பக்கத்தில் 'பின்னர் மோசடி நிரூபணமானது' என்று ஒரு குறிப்பு கட்டாயம்.

யூடியூப் எண்களுக்கும் இதேபோல ஒரு கோடு போட வேண்டும். முதல் 24 மணி நேரச் சாதனைகளில் விளம்பரம் மூலம் வந்த பார்வைகளைச் சேர்ப்பதில்லை என்று யூடியூப் 2019 செப்டம்பரில் முடிவெடுத்தது. அதற்கு முந்தைய சாதனைகளையும் பிந்தையவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள்.

சேகரிக்கக் கூடாதவை

ரசிகர்கள் தொகுத்த பட்டியல்களில் படித்த பள்ளி, வீட்டார் பெயர், குடியிருக்கும் பகுதி, விமான நேரம் வரைக்கும் இருக்கும். கொரியாவில் இப்படித் துரத்துபவர்களுக்கு 'சாசெங்' என்றே ஒரு பெயர் இருக்கிறது; கலைஞர்களை அவர்கள் படுத்தும் பாடு ஊரறிந்தது. நிறுவனமோ கலைஞரோ பொதுவில் சொல்லாத சொந்த விவரத்துக்கு உங்கள் ஷீட்டில் கட்டமே இருக்கக் கூடாது. உயரம், எடை, ரத்த வகை எல்லாம் நிறுவனமே கொடுத்தாலும் நான் எடுப்பதில்லை. சரிபார்க்க வழியே இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேலையை வாரத்தில் ஒருநாள் என்று வைத்துக்கொண்டால் ஓடும். சர்க்கிளின் வாரப் பட்டியல் வியாழன் வருவதால் எனக்கு வியாழன் இரவு. புதிதாக வந்ததை ஏற்றி முடித்ததும் பழைய வரிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஆதாரத்தை மறுபடி திறந்து பார்ப்பேன். பக்கம் போயிருந்தால், எண் மாறியிருந்தால், தேதியோடு குறிப்பேன்; பழைய எண்ணைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளுவேன். போன வாரம் ஐந்தில் ஒன்று மாறியிருந்தது. கடைகளிலிருந்து திரும்பி வந்த பிரதிகளைக் கழித்திருந்தார்கள்.